சீட்டு ஒட்டாத கேபிள்

அப்பா மூன்று நாளாக ஒரே மாதிரி இருமிக்கொண்டிருந்தார்.

யாஸ்னா இதைக் கவனித்தது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. வல்பராய்சோ துறைமுகத்துக்கு எதிர்த் தெருவில், பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில், முக்கால்வாசி காலியாகிவிட்ட சர்வர் அறையில், கவிழ்த்துப் போட்ட இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்து ஆறிப்போன தேநீரைக் குடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அப்பாவின் மூச்சு பச்சைக் கோடாக ஓடியது. நிமிடத்துக்குப் பதினான்கு. விடியற்காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு மட்டும் கோடு துள்ளியிருந்தது: இரண்டு சின்ன முள், ஒரு பெரிய முள், கொஞ்சம் சமதரை, மறுபடி ஒரு பெரிய முள். முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் புகையும் தூசியும் தின்ற எலிசெயோ ஓர்தேனெஸின் நெஞ்சு அப்படித்தான் விடியும்.

விரலால் தள்ளிப் புதன்கிழமையைப் பார்த்தாள். ஐந்து ஐம்பத்திரண்டு. இரண்டு சின்ன முள், ஒரு பெரிய முள், சமதரை, பெரிய முள். செவ்வாய்க்கிழமையும் அதுவே. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள். மூன்று கோடுகளும் ஒரே கோடாகிவிட்டன.

பத்தொன்பது வருடமாக கேபிளோடும் கோடுகளோடும் குப்பை கொட்டியவள் அவள். உயிருள்ள எதுவும் இரண்டு முறை ஒரே மாதிரி நடக்காது என்பது அவளுக்குத் தெரியும். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். அறையில் பழைய தூசியும் சூடு குறையாத பிளாஸ்டிக்கும் கலந்த வாடை அடித்தது. ஜன்னலில்லாத அறை. வெளியே கடலிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்ததை அவள் வரும்போதே பார்த்திருந்தாள்.

இந்த அறை ஒரு காலத்தில் இரைந்துகொண்டே இருக்கும். வீட்டில் மூச்சுக் கருவி மாட்டிப் படுத்திருப்பவர்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் நிறுவனம் அது. நகரத்தின் ஒவ்வொரு குன்றிலிருந்தும் ஒரு ஆன்டெனா, ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் ஒரு கேபிள், எல்லாக் கேபிளும் இந்த அறைக்கு வந்து சேரும். எந்தக் கேபிள் எந்தக் குன்று என்று யாஸ்னாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். ஒரு வீட்டின் தொடர்பு அறுந்தால் சுவரில் மணி அடிக்கும், கோடு நின்றுபோகும், யாராவது அந்த வீட்டுக்குப் போன் போடுவார்கள். அவ்வளவுதான் வேலை, அது ஒழுங்காக நடந்தது. பிறகு எல்லாம் கிளவுடுக்குப் போக வேண்டும் என்றார்கள். பத்து வருடத்து மூச்செல்லாம் தலைநகர் சாந்தியாகோவின் வடக்கு ஓரத்தில், வேலி போட்ட ஒரு கொட்டகைக்குள் குவிக்கப்பட்டது. அங்கே மனிதர்களோடு பேசுவதைவிட இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் அதிகம். இந்த அறையில் ஒரு மணி நேரம் ஓடுவது அங்கே கண் இமைப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். மணி கழற்றப்பட்டது. போன் போடுபவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

யாஸ்னாவும்தான் மாறிப்போனாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று முறை அப்பாவுக்குப் போன் செய்வாள். காது மந்தமான அவர் கத்துவார், இவளும் கத்துவாள். போனிலேயே மூச்சு தெரியத் தொடங்கியதும் கூப்பிடுவது வாரத்துக்கு ஒருமுறையானது. பச்சைக் கோட்டைப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. நல்லவேளை, கத்த வேண்டியதில்லை என்று நிம்மதிகூடப் பட்டாள், அதை நினைத்து இப்போது வெட்கமாக இருந்தது.

"நிவால்டோ, இந்த இருமலைக் கொஞ்சம் பாருங்க."

கதவருகே பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நிவால்டோ திரும்பவில்லை. அறையைக் காலி செய்யும் ஒப்பந்தம் அவனுடையது. குன்றுகளைப் பழைய கேபிளிலிருந்து புதிய மொபைல் இணைப்புக்கு மாற்றியதும் அவன் ஆட்கள்தான்.

"உங்கப்பா இருமலை நான் எதுக்குப் பாக்கணும்? கீழ லாரிக்காரன் வண்டிய ஆஃப் பண்ணாம நிக்கிறான்."

"மூணு நாளா ஒரே இருமல். முள்ளு முள்ளா எண்ணிட்டேன், ஒண்ணுகூட மாறல."

"ஒழுங்கா இருமுறாரு மனுஷன். அதுக்கும் ஒரு புகாரா. பொண்ணைவிட அப்பா வேலை சுத்தம்னு நெனச்சுக்க."

அவள் போனில், அப்பா இருக்கும் லோயிகா குன்றிலுள்ள மற்ற வீடுகளைத் திறந்தாள். தொழில்நுட்பக்காரி என்பதால் எல்லார் மூச்சும் அவளுக்குத் தெரியும். மொத்தம் பத்தொன்பது வீடுகள். இரண்டாம் வீட்டுப் பெண்மணி மூன்று நாளும் நள்ளிரவு ஒன்று பதினேழுக்கு முகமூடியைக் கழற்றி, ஒன்று இருபதுக்கு மாட்டியிருந்தாள். ஏழாம் வீட்டுக்காரர் மூன்று நாளும் ஒரே இடத்தில் மூச்சு திணறி, ஒரே இடத்தில் சமாளித்திருந்தார். பக்கத்துக் குன்றைத் திறந்தாள். அங்கே கோடுகள் கன்னாபின்னாவென்று ஆடின. ஒருத்தர் தும்மியிருந்தார், ஒருத்தர் எழுந்து போயிருந்தார், ஒன்றைப்போல ஒன்று இல்லை. லோயிகா மட்டும்தான். அது மட்டும்தான் சுத்தமாக, பச்சையாக, திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து.

அறையின் மூலையில் கடைசியாக மிஞ்சியிருந்த சர்வர் பெட்டியை அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அதன் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தது ஒரு சாம்பல் நிறக் கேபிள். அதில் சீட்டு ஒட்டப்படவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லாக் கேபிளும் செத்துப்போன அறையில் இது ஒன்றின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. இது யாருடையது என்று அவள் கேட்டாள். நிவால்டோவுக்குத் தெரியவில்லை, கேபிள்களைக் குறித்த தாளிலும் இல்லை. இந்தத் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடையது என்று தெரியாத கேபிளைப் பிடுங்கிவிட்டு மூன்று நாள் காத்திருப்பார்கள்.

"எவன் அலறுறானோ அவனோடது," என்று நிவால்டோ சொல்லியிருந்தான். "எவனும் அலறலேன்னா குப்பை. நீயே பிடுங்கு தாயி, உன் கை ராசியான கை."

அவள்தான் பிடுங்கினாள். சின்னதாக டிக் என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது. மூன்று நாளாக யாரும் அலறவில்லை.

"லோயிகாவ மொபைல் லைனுக்கு மாத்தினது உண்மையா?"

"மாத்தியாச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு."

"நான் கேட்டது அது இல்ல."

நிவால்டோ தாளை மடித்துப் பையில் வைத்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. "அந்தக் குன்று பள்ளத்துக்கு அந்தாண்ட இருக்கு, மொபைல் சிக்னல் ஏறாது. பசங்க பழைய ஆன்டெனாவ அப்படியே விட்டுட்டு, இங்கேருந்து ஒரு கேபிள் போட்டு கிளவுடுக்குத் தட்டி விட்டிருப்பானுங்க. ஒரு வாரத்துக்குன்னு போட்டிருப்பானுங்க. எல்லாரும் பண்றதுதான்."

"அப்ப மூணு நாளா அங்கேருந்து எதுவும் போகல. பின்ன இந்த மூச்சு யாரோடது?"

"கிளவுடே போட்டு நிரப்பிக்கும். கோட்டுல ஓட்டை விழுந்தா டாக்டருங்க கத்துறாங்கன்னு வச்சது. பத்து வருஷ மூச்சு கையில இருக்குல்ல, இந்த ஆளு இந்நேரம் இப்படித்தான் மூச்சு விடுவாருன்னு அதுக்குத் தெரியும்."

"எவ்வளவு நேரம் வரைக்கும் நிரப்பும்?"

"நிஜமானது வர்ற வரைக்கும்."

"வரவே இல்லேன்னா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். "அத யாரும் கேட்டதில்ல."

அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். அடித்தது. அடித்து நின்றது. மறுபடி போட்டாள். காது கேட்காதவர், காலையில் எப்போதுமே எடுக்க மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"கேபிளைச் சொருகுங்க."

"பெட்டிய அணைச்சாச்சு. முழிச்சு வர அரை மணி ஆகும். லாரிக்காரனுக்கு நீ பதில் சொல்றியா?"

"சொருகுங்க நிவால்டோ. மேல போய்ப் பாத்து ஒண்ணுமில்லேன்னா நானே தூக்கிட்டு வந்து லாரியில போடுறேன்."

"உங்கப்பன் உன்னப் பாத்ததும் வியாழக்கிழமை ரொட்டி எங்கேன்னுதான் கேப்பாரு," என்றான் அவன். ஆனாலும் குனிந்து கேபிளை எடுத்தான்.

குன்றுக்குப் போகும், கம்பி கட்டி இழுக்கும் ஏற்ற வண்டி போன வருடமே நின்றுபோய் வாசலில் தகரம் அடித்திருந்தார்கள். படியில் ஏறினாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படி. மூடுபனி அவளுக்கு முன்பாகவே மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, கடற்பாசியும் சமையல் வாயுவும் நாய் மூத்திரமும் அதில் ஊறிக் கிடந்தன, நான்கு படிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. திருப்பத்தில் படுத்திருந்த ஒரு நாய் தலையைத் தூக்கிப் பல்லைக் காட்டியது, குரைக்கவில்லை. தகரச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருக்கின. ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒன்று, சின்ன இடைவெளி, தொப் என்று ஒன்று. மூச்சுக் கருவி. இரண்டாம் வீடு. அவள் நின்று கேட்டாள். ஒரே சீராக இருந்தது. யாராவது உள்ளே பாத்திரத்தை உருட்ட மாட்டார்களா, ரேடியோ போட மாட்டார்களா என்று காத்திருந்தாள். ஸ்ஸ்ஸ், தொப். அவ்வளவுதான். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மேலே ஏழாம் வீட்டிலும் அதே சத்தம். இரண்டும் சேர்ந்தாற்போல் வந்தது.

பன்னிரண்டாம் வீட்டு வாசலில் தோன்யா ஃப்ரேசியா நின்றிருந்தாள். அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரி; தோன்யா என்பது அங்கே பெரியவர்களுக்கு வைக்கும் மரியாதை, ஆண்களுக்குத் தோன். கையில் துடைப்பம், ஆனால் பெருக்கவில்லை. படியில் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்க வேண்டும்.

"வந்துட்டியா. வியாழக்கிழமைன்னா வந்துருவ. கடிகாரம் மாதிரி."

"அப்பாவப் பாத்தீங்களா, தோன்யா ஃப்ரேசியா?"

"கம்பிக் கதவப் பூட்டிட்டு உள்ள இருக்காரு, எங்கேருந்து பாக்கறது? திங்கக்கிழமை சாயந்தரம் ஏழு மணிக்குத் தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன். டீ குடிக்க வர்ற மனுஷன் வரலியேன்னு."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"உன் நம்பர் எங்கிட்ட ஏது? உங்க ஆபீசுக்குப் பண்ணினேன், மிஷின்ல ஒட்டியிருக்குமே அந்த நம்பர். ஒரு பொண்ணு எடுத்தா. சாந்தியாகோக்காரி, பேச்சுலயே தெரியுது. தோன் எலிசெயோ நல்லா தூங்குறாரு, மூச்சு பதினாலு, அருமையா இருக்கு, அவரத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டா. செவ்வாக்கிழமையும் பண்ணினேன். அதே பாட்டு." ஃப்ரேசியா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "நீங்கதான சொன்னீங்க. நான் என்னத்தச் செய்ய?"

யாஸ்னா சாவியைத் தேடினாள். பைக்குள் ரொட்டிக் காகிதம் சரசரத்தது. கம்பிக் கதவு திறந்தது. மரக்கதவு திறந்தது.

"நானும் வரட்டுமா?" என்றாள் ஃப்ரேசியா. குரலில் இருந்த காரம் போய்விட்டிருந்தது.

"வேண்டாம். இருங்க."

உள்ளே குளிர்ந்து கிடந்தது. சமையலறையில் காலி கெண்டி. மேசையில் திங்கட்கிழமை ரொட்டியின் பாதி, கல்லாகிப்போய். ஒரு வாடை இருந்தது, அதற்குப் பெயர் வைக்க அவள் மனம் ஒப்பவில்லை. அறைக்கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ். இடைவெளி. தொப்.

"அப்பா."

ஸ்ஸ்ஸ். தொப்.

"அப்பா, யாஸ்னி வந்திருக்கேன்."

கதவைத் தள்ளினாள்.

படுத்திருந்தார். முகமூடி மாட்டியிருந்தது. போர்வைக்குள் நெஞ்சு ஏறியது. இறங்கியது. ஏறியது. ஒரு கணம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, கடவுளே, உயிரோடுதான் இருக்கிறார், நிவால்டோ சொன்னதுதான் சரி, இப்போது கண்ணைத் திறந்து ரொட்டி எங்கே என்பார். போனைப் பார்த்தாள். பச்சை. பதினான்கு. இரண்டு எட்டில் கட்டிலருகே போய்க் கன்னத்தைத் தொட்டாள்.

கை தானாகப் பின்வாங்கியது.

கன்னம் ஜன்னல் கண்ணாடியைவிடக் குளிராக இருந்தது. தோல் அசையவில்லை. கண் பாதி திறந்து, காய்ந்து, கூரையைப் பார்த்தது. நெஞ்சு ஏறியது. இறங்கியது. கருவி ஊதியது, உடம்பு வாங்கிக்கொண்டது. ஊதியது. வாங்கிக்கொண்டது. மூன்று நாளாகவா. எத்தனை முறை. அதை நிறுத்த வேண்டும் என்று நினைத்தாள், கை போகவில்லை. நிறுத்தினால் அவர் இறந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் குறுக்கே நின்றது.

அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே இருந்தது. உதவிக்கு அழைக்கும் சிவப்புப் பொத்தான் உள்ளங்கையில், கட்டைவிரல் அதன்மேல். விரல்கள் இறுகி மரக்கட்டையாகிவிட்டிருந்தன. கருவியின் சின்னத் திரையில் ஒரு வரி.

அனுப்ப முடியாத அழைப்புகள்: 212.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் அழைத்திருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு முறை அழைத்திருக்கிறார். அவள் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கருவியின் ஓரத்தில் ஒரு விளக்கு பச்சையானது. நிவால்டோவின் பெட்டி விழித்துவிட்டது. 212 என்பது 211 ஆனது. அவள் கையில் போன் அதிர்ந்தது.

எலிசெயோ ஓர்தேனெஸ். உதவி. திங்கள், மாலை 4:10.

அதிர்ந்தது. திங்கள், 4:10. திங்கள், 4:11. 4:11. 4:13. கருவிக்குள் அடைபட்டிருந்த அழைப்பெல்லாம் வரிசை மாறாமல் வந்துகொண்டிருந்தன. ஐந்து மணி. ஆறு மணி. இடையில் பத்து நிமிடம் எதுவும் இல்லை, பிறகு 7:02, 7:02, 7:02, 7:03, 7:03, 7:03, 7:03. ஃப்ரேசியா கதவைத் தட்டிய நேரம். தட்டுவது கேட்டிருக்கிறது அவருக்கு. காது மந்தமானவருக்கு அது மட்டும் கேட்டிருக்கிறது. யாஸ்னா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சத்தம் வந்தது.

8:40. 9:15. 9:16. இடைவெளிகள் நீண்டன. செவ்வாய், நள்ளிரவு 12:30. செவ்வாய், 1:55. செவ்வாய், அதிகாலை 3:18.

திரையில் 0.

போன் ஓய்ந்தது. ஸ்ஸ்ஸ், தொப் மட்டும். வெளியே மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. முடிந்தது என்று நினைத்தாள். செவ்வாய், மூன்று பதினெட்டு. அதோடு முடிந்துவிட்டது. இனி அவருக்கு வலியில்லை. முகமூடியைக் கழற்ற வேண்டும். கண்ணை மூட வேண்டும். கையை நீட்டினாள்.

போன் அதிர்ந்தது.

எலிசெயோ ஓர்தேனெஸ். உதவி. வியாழன், காலை 11:26.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபத்தாறு. கிளவுட் நிரப்புகிறது, அதுதான், அதுவேதான் என்று உதடு முணுமுணுத்தது. பதில்போல கருவியின் திரையில் 0 என்பது 1 ஆகி, மறுபடி 0 ஆனது. அழைப்பு இந்தக் கருவியிலிருந்துதான் போகிறது.

அதிர்ந்தது. 11:26.

அவள் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் கீழே கொண்டுபோனாள். போர்வை. மணிக்கட்டு. இறுகிய விரல்கள். எதுவும் அசையவில்லை. கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன் நகத்தில், நீலம் பாரித்துக் கிடந்த நகத்தில், நுனியிலிருந்து மெல்ல வெள்ளை படர்ந்தது, உயிருள்ள ஒருவர் பலம்கொண்ட மட்டும் அழுத்தும்போது படர்வதுபோல. பிறகு நீலம் திரும்பியது. பிறகு மறுபடி வெளுத்தது. அவள் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.